பச்சை நூல் மட்டும் காணவில்லை

2007 ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருந்தேன். ஆரணியில் பட்டுத் தொழில் செய்பவன் வெளியூர் போக ஆடியை விட்டால் வேறு மாதம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதம். கடைக்காரர்கள் போனை எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் "ஆவணிக்குப் பாக்கலாம்பா" என்பார்கள். எனக்கு எட்டுத் தறி. ஐந்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

போனதற்குக் காரணம் ஆடிச் சீர். சிரிக்காதீர்கள். என் தங்கை கலா கல்யாணமான இரண்டாம் மாதமே கணவரோடு விமானம் ஏறிவிட்டாள். தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்கவில்லை என்ற குறை அம்மாவுக்கு ஆறு வருடமாக மனதில் கிடந்தது. "அவங்க வரலன்னா நீ போயி குடுத்துட்டு வா" என்று சொல்லி வேட்டி, புடவை, இருபத்தைந்து அதிரசம் கட்டிக் கொடுத்துவிட்டார். கலா தன் பங்குக்குப் பட்டு நூல் கேட்டிருந்தாள். அந்த ஊர் இந்தியப் பெண்களுக்குப் புடவை முந்தானையில் குச்சம் கட்டித் தருகிறாள். தறியில் மிஞ்சிய துண்டு நூல்களைக் கலர் வாரியாகச் சிட்டம் போட்டு, அதாவது சிறு வளையங்களாகச் சுற்றி, எடுத்துக்கொண்டேன்.

வழி கேட்டு எழுதியவர்களுக்காக விவரம்: ஆரணியிலிருந்து சென்னைக்கு பஸ், மூன்றரை மணி நேரம், 45 ரூபாய். சென்னை, சிங்கப்பூர், அடிலெய்டு, அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். போகவர விமானச் செலவு மொத்தம் 71,000 ரூபாய். அடிலெய்டில் தின்பண்டம் எதுவானாலும் அறிவித்துவிட வேண்டும், மறைத்தால் அபராதம். அங்கிருந்த அதிகாரி ஒரு அதிரசத்தைப் பிட்டு முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "மாப்பிள்ளை ஸ்வீட்" என்றேன். விட்டுவிட்டார்.

அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இரண்டு மணி நேர விமானப் பயணம். ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். கீழே சிவப்பு மண், சிவப்பு மண், மறுபடியும் சிவப்பு மண். இரண்டு மணி நேரமும் ஒரு ஊர் தெரியவில்லை. வெறுமை என்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மாப்பிள்ளை சேகர் அங்கே மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் தேவிகாபுரம். நாற்பத்தொரு வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறார். மனிதர் வேலை, வீடு, டிவி என்று இருப்பவர். பக்கத்திலேயே உலகம் வந்து பார்க்கிற மலை இருக்கிறது, ஒருநாள்கூட உள்ளே நடந்ததில்லை. நான்தான் இழுத்தேன். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டார். கலாவுக்குப் பள்ளிக்கூடச் சமையல் வேலை, வர முடியவில்லை. காலையில் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். எலுமிச்சைச் சோறு, வாழைப்பழம், எனக்கென்று நான்கு அதிரசம், ஒரு குளுக்கோஸ் டப்பா.

"ண்ணா, இந்தப் பை அவர் கூடவே இருக்கணும். ஒரு மணிக்கு மேல அவரு பசி தாங்க மாட்டாரு. அவரு மறந்துடுவாரு, உன்னை நம்பித்தான் தரேன்" என்றாள்.

மேற்கு மெக்டொன்னல் தேசியப் பூங்கா ஊரிலிருந்து மேற்கே நீள்கிறது. நாங்கள் போனது ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்குக்கு, 135 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. ஏழரைக்குக் கிளம்பினோம். வழியில் எல்லெரி ஓடையில் நிறுத்திக் குளத்தில் கால் வைத்தேன், அந்தக் குளிர் முட்டிவரை ஏறியது. ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் நம்ம ஊர் மார்கழிக் காலை மாதிரி இதமாக இருக்கும். சூரியன் இறங்கினால் தண்ணீர் உறையும். போகவர எதிரே வந்த வண்டிகளை எண்ணினேன், ஒன்பது. 10.20க்குச் சேர்ந்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை. தங்கினால்தான் காசு.

இங்கே என் தப்பு ஆரம்பம். சுற்றுப்பாதை முழுதும் நடந்தால் ஒன்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். அது வேண்டாம், ஒரு மணி நேரம் போய்த் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். சோறும் பழமும் இருந்த பை கனத்தது. "வந்து சாப்ட்டுக்கலாம் மாப்ள" என்று சொல்லி அதைப் பின்சீட்டில் வைத்தது நான். கையில் எடுத்துக்கொண்டது ஒரு லிட்டர் தண்ணீரும் கேமராவும்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. இது இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குரிய இடம், பாதையை விட்டு விலகாதீர்கள் என்று எழுதியிருந்தது. சேகர் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் என்ன செலவு?

ஒரு கிலோமீட்டர் தள்ளி, வலப்பக்கம் ஒரு வறண்ட ஓடை பிரிந்து மேலே போனது. அதன் வாயில் ஒரு பாறை கிடந்தது, வீட்டுக் கதவு அளவு. அதன் மேல் முழுக்க அலை. கரையில் தண்ணீர் விலகியதும் ஈரமணலில் நிற்குமே வரி, அதே வரி, கல்லில். எண்பது கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம், அதன் அடிமணல் இறுகிக் கல்லானதாம். வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்த விளக்கப் படத்தில் பார்த்திருந்தேன். படத்தில் பார்ப்பது வேறு. விரலை அந்த வரியில் வைத்தபோது அது இன்னும் ஈரமாக இருக்கும் என்று கை எதிர்பார்த்தது. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

ஓடைக்குள் மேலே இன்னும் அந்த மாதிரிப் பாறைகள் தெரிந்தன. சேகர் தயங்கினார். பலகையை நினைவுபடுத்தினார். நான் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தேன். கலாவுக்குக் கொடுத்தது போக அரக்கும் கிளிப்பச்சையும் நிறத்துக்கொரு சிட்டம் அதில் இருந்தன. நூல் இல்லாத சட்டை எனக்குக் கிடையாது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு புடவைக்கான நீளம் முடிகிற இடத்தில் அடையாளத்துக்குக் கலர் நூல் கட்டுவோம். குறி நூல் என்போம். அதே மாதிரி எழுபது எண்பது அடிக்கு ஒன்று, கண் உயரத்தில், செடியில் கட்டிக்கொண்டே போனால் வழி தப்பாது.

"இன்னா மச்சான், காட்டுக்கே பாவு ஓட்றீங்களா" என்று சேகர் சிரித்தார்.

பதினோரு அரக்கு நூல் கட்டினேன். பிறகு திரும்பிப் பார்த்தால் சிவப்புப் பாறைக்கு முன்னால் அரக்கு எடுபடவில்லை. முப்பது வருடமாகக் கலர் சேர்ப்பவன், இதுகூடத் தெரியாமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டு கிளிப்பச்சைக்கு மாறினேன். சிவப்பின் மேல் பச்சை பளிச்சென்று நின்றது. பதினாலு கட்டினேன். இடையில் ஓடை இரண்டு மூன்று இடத்தில் கிளை பிரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் பச்சை.

மேலே போனது வீண் இல்லை. பாறை விளிம்பில் வாலில் கோடு போட்ட சின்னக் கங்காருகள் ஐந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பாறை வாலபி என்றார் சேகர். ஒன்று எங்களைப் பார்த்தபடியே நெடுநேரம் அசையாமல் இருந்தது. படமெடுத்தோம், உட்கார்ந்தோம், ஊர்க்கதை பேசினோம். இறங்க எழுந்தபோது மணி 1.15.

முதல் செடியில் நூல் இல்லை.

வேறு செடியாக இருக்கும் என்று அடுத்ததைத் தேடினேன். இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது செடி எனக்கு நன்றாக நினைவிருந்தது, கவை மாதிரி பிரிந்த காய்ந்த கிளை, அதைப் பிடித்துத்தான் பாறை ஏறினேன். கிளை இருந்தது. நூல் அறுந்திருந்தால் ஒரு துணுக்காவது மிஞ்சும். மிஞ்சவில்லை. யாரோ பொறுமையாக நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

காற்று இல்லை. அங்கே வெள்ளையாக ஒரு மரம் இருக்கிறது, பட்டையே இல்லாத மாதிரி வெளுத்த அடிமரம். ஏறும்போது அழகாகத் தெரிந்த மரங்கள் இறங்கும்போது ஆட்கள் நிற்பது மாதிரித் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு இருமல் கேட்டது. வறட்டு இருமல், கிழவர் இருமுவது போல, மிக அருகில். நான் குரல் கொடுத்தேன். பிறகு ஒரு பூனை கத்தியது. பூனைக்கு அங்கே என்ன வேலை?

"யாரோ கூடவே வந்துகினு இருக்காங்க மச்சான்" என்று சேகர் மெதுவாகச் சொன்னார்.

முதல் பிரிவில் இடப்பக்கம் இறங்கினோம். செங்குத்தான பள்ளத்தில் முடிந்தது. திரும்பி ஏறினோம். வலப்பக்கம் இறங்கினோம், அரைமணி நேரம் நடந்து நாங்கள் ஏற்கெனவே தண்ணீர் குடித்த பாறைக்கே வந்து சேர்ந்தோம். செல்போனில் சிக்னல் கிடையாது, ஊரை விட்டுப் பத்துக் கிலோமீட்டரிலேயே போய்விட்டது. மணி 2.40. அப்போதுதான் சேகரின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"கை நடுங்குது மச்சான். ஒண்ணும் இல்ல, நடக்கலாம்" என்றார். அடுத்த நாலு அடியில் கால் பின்னியது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. காலையில் ஊசி போட்டிருக்கிறார். ஒரு மணிக்குச் சாப்பாடு உள்ளே போயிருக்க வேண்டும், போகாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. சாப்பாடு வண்டியில், வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும், அப்புறம் தண்ணீர் உறைகிற குளிர். ஆடிச் சீர் கொடுக்க வந்தவன் மாப்பிள்ளையையே தொலைத்துவிட்டு என் தங்கை முன்னால் போய் நிற்கப் போகிறேன். வாய்விட்டு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவரைத் தோளில் தாங்கி, நிழலாக இருந்த ஒரு புதர்ப்பக்கம் கொண்டுபோனேன். உட்காரவைக்க இடம் பார்த்துக் குனிந்தபோதுதான் அதைக் கண்டேன்.

புதருக்கு அடியில் மண் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. நடுவே சுள்ளிகளை நெட்டுக்குத்தலாக நட்டு, இரண்டு சுவர், முழங்கை நீளம், இடையில் ஒரு ஆள் கை நுழையும் சந்து. சந்தின் இரண்டு வாசலிலும் எலும்புகள். சின்னச் சின்ன வெள்ளை எலும்புகள், கழுவி வைத்த மாதிரி, பரப்பி அடுக்கியிருந்தன. நத்தை ஓடுகள். பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று. எலும்புகளின் மேல், பொங்கலுக்குத் தோரணம் போட்டது மாதிரி, என் கிளிப்பச்சை நூல்கள்.

என் பச்சை எனக்குத் தெரியாதா? தை மாதத்துக்குப் போட்ட பாவில் மிஞ்சியது. எண்ணினேன், பதின்மூன்று. ஒன்றுகூட அறுபடவில்லை.

இருமல் மறுபடி கேட்டது, தலைக்கு மேலே. பார்த்தால் ஒரு பறவை. மைனாவைவிடப் பெரிது, பழுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி, பிடரியில் மட்டும் ஒரு கொத்து ரோஸ் நிறம். சேகர் கண்ணைப் பாதி மூடியபடியே சொன்னார்: "டிவியில பாத்துகீறேன். ஜோடிப் பொண்ணு வந்து பாக்கறதுக்காக இப்பிடி வீடு கட்டுற பறவை. வெள்ளையும் பச்சையும்தான் எடுக்கும். மத்தது குரல் மாதிரியும் கத்தும்."

நூலை அவிழ்த்தது பேய் இல்லை என்றதும் தைரியம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது. பட்டுக்கு வலிக்கக்கூடாது என்று குறி நூலை எப்போதும் உருவுமுடிச்சுதான் போடுவோம், ஒரே இழுப்பில் கழன்று வரும். முப்பது வருடக் கைப்பழக்கம். காட்டிலும் கை அதையே போட்டிருக்கிறது. இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அந்தப் பறவை என்ன செய்திருக்கும்? என் வீட்டுத் தறிக்குச் சரியான முடிச்சு, என் மாப்பிள்ளை உயிருக்கு உலை வைத்தது.

நாங்கள் அசையாமல் இருந்ததால் பறவை பயப்படவில்லை. பறந்து போனது. வந்து பார்த்தது. கேமராவை எடுத்து ஒரு படம் எடுத்தேன். அந்த நேரத்தில் எப்படி மனம் வந்தது என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். கலாவிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுபடி பறந்த பறவை, கொஞ்ச நேரத்தில் இடப்புறச் சரிவைத் தாண்டி வந்தது. அலகில் பச்சை நூல்.

பதினாலாவது.

மற்ற பதின்மூன்றையும் எடுத்து முடித்துவிட்டு, தூரத்தில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து வருகிறது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தால், மிஞ்சியது நான் முதலில் கட்டிய பச்சை, அது இருந்தது அந்தச் சரிவுக்குப் பின்னால். அதற்குக் கீழே அரக்கு. அரக்கை இது தொடாது.

"மாப்ள, எழுந்திருங்க. வழி தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"நீங்க போயி பையை எடுத்துகினு வாங்க. நான் இங்கியே கீறேன்."

"உங்கள உட்டுட்டுப் போனா உங்க பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டா. தோள்ல கை போடுங்க."

சரிவை ஏறி மறுபக்கம் இறங்க இருபது நிமிடம் ஆனது. அவர் ஏதேதோ பேசத் தொடங்கியிருந்தார், தேவிகாபுரம் பஸ் போய்விடும் என்றார். நான் ஒவ்வொரு செடியாக முறைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். சிவப்புப் பாறைக்கு முன்னால், கண்ணுக்கு எடுபடாது என்று நான் கைவிட்ட அரக்கு நூல், கட்டியது கட்டியபடி இருந்தது. அடுத்தது. அடுத்தது. பதினொன்றையும் தொட்டு எண்ணிக்கொண்டே இறங்கினேன். அலைப்பாறை வந்தது, பாதை வந்தது. பாதைக் கம்பத்தில் அவரைச் சாய்த்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். ஓடி இருபது வருடமாகிறது. திரும்பி வந்தபோது மணி 3.50.

முதலில் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். தெளிந்து உட்கார்ந்ததும் அதிரசத்தைப் பிட்டுக் கொடுத்தேன். வந்த நாளிலிருந்து கலா அவரை ஒன்றுகூடத் தொடவிடவில்லை. இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பதான் மச்சான் சீர் வந்து சேந்துச்சு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த முறை அடக்கவில்லை.

கலாவிடம் அன்றே சொல்லிவிட்டோம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குச்சம் கட்ட உட்கார்ந்தவள், "உன் சட்டைப்பையில இருந்த பச்சை எங்கண்ணா" என்று மட்டும் கேட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மே முதல் ஆகஸ்டு வரை போகலாம், கோடையில் அங்கே வெயில் ஆளைக் கொன்றுவிடும். ஆர்மிஸ்டனில் தங்கினால் குளிருக்கு நல்ல போர்வை வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு மணி நேர நடையாக இருந்தாலும். கிளம்பும்போது யாரிடமாவது திரும்பும் நேரத்தைச் சொல்லிவையுங்கள். பலகையில் விலகாதே என்றிருந்தால் விலகாதீர்கள், நான் விலகிப் பார்த்தாயிற்று, உங்களுக்கும் சேர்த்து. செடியில் எதையும் கட்டாதீர்கள். அந்தப் பதினோரு அரக்கு நூலையும் அவிழ்க்க எனக்கு அன்று நேரமில்லை, அது இன்றும் உறுத்துகிறது. பையை வண்டியில் வைக்காதீர்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து, பஜாரில் ஒரு கடையில் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சுள்ளி வீட்டுப் படமும் வந்தது. எலும்புகள், ஓடுகள், என் பதின்மூன்று நூல். அவற்றுக்கு அடியில் இன்னொரு பச்சை. நூல் இல்லை, துணி. இரண்டு விரல் அகலத்துக்குச் சட்டையிலிருந்து கிழித்த துண்டு, வெயிலில் வெளுத்துப்போனது. நடுவில் ஒரு முடிச்சு, இறுக்கமான முடிச்சு. முடிச்சுக்குள்ளே உடைந்த சுள்ளித் துண்டு ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

கடையில் கூட்டம். நான் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் அந்த ஓடையில் வழிக்கு அடையாளம் கட்டியிருக்கிறார். சரியான முடிச்சுத்தான் போட்டிருக்கிறார். கிளையே உடைந்துவிட்டது.

படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"துணிதான மச்சான்? நான் அன்னிக்கே பாத்துட்டேன். அதுக்கு நேராத்தான உக்காந்துகினு இருந்தேன்."

"ஏன் மாப்ள சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். சொன்னா உங்களால நடக்க முடியாதுன்னு தோணுச்சு."

கை நடுங்க, கண் இருட்ட, அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டேதான் "நான் இங்கியே கீறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரே தொடர்ந்தார்.

"பூங்கா ஆபீஸ்ல போய் விசாரிச்சேன். அந்தப் பக்கம் யாரும் காணாமப் போனதா அவங்களுக்குத் தெரியலையாம். அப்ப அந்த ஆளு வந்து சேந்துட்டாருன்னே வெச்சுக்கலாம் மச்சான்."

"வெச்சுக்கலாம் மாப்ள" என்றேன்.

அப்படித்தான் இருவரும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.